பாய்மரப் படகின் எஞ்சின் அறைத் தானியங்கித் தீயணைப்பான்: சோதிப்பது, மாற்றுவது, எஞ்சினோடு இணைப்பது

முப்பது, முப்பத்தைந்து அடிப் பாய்மரப் படகில் கேபினுக்குள் இறங்கும் படிக்கட்டைக் கழற்றினால் எஞ்சின் தெரியும். அதற்கு மேலே, கூரையிலோ பக்கச் சுவரிலோ, தண்ணீர் பாட்டில் அளவுக்கு ஒரு சிலிண்டர் இருக்கும். முனையில் ஒரு கண்ணாடிக் குமிழ், பக்கத்தில் சின்ன பிரஷர் கேஜ், இரண்டு மெல்லிய வயர்கள். படகு வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

சிலிண்டரைக் கழற்றி மாட்ட அரை மணி நேரம் போதும். ஆனால் சிலிண்டர் மட்டும் தீயை அணைத்துவிடாது. வெளியேறும் வாயு எஞ்சின் அறைக்குள்ளேயே சில நிமிடங்கள் தங்கினால்தான் தீ அணையும், அணைந்தது மறுபடி பற்றாது. அதைத் தங்கவைக்க எஞ்சின் நிற்க வேண்டும், ப்ளோயர் (அறைக் காற்றை வெளியேற்றும் மின்விசிறி) நிற்க வேண்டும், ஓட்டைகள் அடைபட்டிருக்க வேண்டும். புது சிலிண்டர் வாங்கி மாட்டிவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுகிற படகுகள் நிறைய. இந்த வழிகாட்டியில் அதிக இடம் பிடிப்பதும் அவைதான்.

இங்கே பேசுவது அமெரிக்கப் படகுகளில் வழக்கமாக இருக்கும் அமைப்பு: ஃபயர்பாய், சீ-ஃபயர் போன்ற நிறுவனங்கள் செய்யும், வெப்பத்தில் தானாகத் திறக்கும் வாயு சிலிண்டர், 12 வோல்ட் மின்சாரம், டீசல் எஞ்சின்.

எப்படித் திறக்கிறது, உள்ளே என்ன

கட்டடக் கூரைகளில் இருக்கும் தீயணைப்புத் தெளிப்பானின் தலைதான் இதிலும். கண்ணாடிக் குமிழுக்குள் நிறமுள்ள திரவம் இருக்கும். வெப்பம் ஏறும்போது திரவம் விரிந்து குமிழை உடைக்கும், அடைப்பு விலகும், சில விநாடிகளில் சிலிண்டர் காலியாகும். எந்த வெப்பத்தில் உடையும் என்பதை நிறமே சொல்லும்: ஆரஞ்சு 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93 டிகிரி செல்சியஸ். எஞ்சின் அறைக்கு வழக்கம் 79 டிகிரி. எஞ்சினை நிறுத்திய பின் சூடு மேலே ஏறி அறை இன்னும் கொதிக்கும் என்பதால், 57, 68 டிகிரிக் குமிழ்கள் தீ இல்லாமலேயே உடைந்துவிட வாய்ப்புண்டு.

சிலிண்டரின் லேபிளில் வாயுவின் பெயர் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். மற்ற முடிவுகள் அதைப் பொறுத்தவை.

ஹாலான் 1301 என்று இருந்தால் சிலிண்டர் மிகப் பழையது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்தோடு இதன் உற்பத்தி நின்றது. இன்றைக்கும் தீயை நன்றாகவே அணைக்கும், ஆனால் மறுபடி நிரப்புவது சிரமம், செலவு. அமெரிக்காவில் இதை வேண்டுமென்றே காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம்.

எச்எஃப்சி-227இஏ, அதாவது எஃப்எம்-200, ஹாலானுக்கு அடுத்து வந்தது. ஓசோனைக் கெடுக்காது; ஆனால் புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 3,000 மடங்குக்கு மேல். 2020-இல் இயற்றிய சட்டப்படி அமெரிக்காவில் எச்எஃப்சி வாயுக்களின் உற்பத்தியும் இறக்குமதியும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகின்றன.

மூன்றாவது எஃப்கே-5-1-12. நோவெக் 1230 என்ற பெயரில் 3எம் நிறுவனம் விற்றது இதுதான். பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள்களின் (சூழலில் எளிதில் சிதையாத ஃப்ளோரின் சேர்மங்கள்) உற்பத்தியை 2025 இறுதிக்குள் விட்டுவிடுவதாக அந்த நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. அதே திரவத்தை வேறு நிறுவனங்களும் தயாரிப்பதால் அமைப்பு வழக்கொழிந்துவிடவில்லை. இது அறை வெப்பத்தில் வாயுவே அல்ல, தண்ணீர்போலத் தெளிந்த திரவம். கொதிநிலை 49 டிகிரி. நைட்ரஜன் அழுத்தம்தான் அதைத் தள்ளிப் புகைபோலத் தூவுகிறது. பழுதைக் கண்டுபிடிக்கும் விதமே இதனால் மாறுகிறது.

மாற்றத்தான் வேண்டுமா?

சிலிண்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிறுக்க வேண்டும். மருந்தின் (உள்ளே இருக்கும் தீயணைக்கும் வாயு அல்லது திரவம்) எடையில் 5 சதவீதத்துக்கு மேல், அல்லது வெப்பநிலைக்கேற்பத் திருத்திய அழுத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். வாயுவழித் தீயணைப்பு அமைப்புகளுக்கான, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 2001 தரநிலையின் அளவுகோல் இது.

5 சதவீதம் என்பது மொத்த எடையில் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் எடையில். லேபிளில் மொத்த எடை 5 பவுண்டு 4 அவுன்ஸ், மருந்து 2 பவுண்டு 4 அவுன்ஸ் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். மொத்தம் 2,381 கிராம், மருந்து 1,021 கிராம். அனுமதிக்கும் இழப்பு வெறும் 51 கிராம். தராசு 2,330-க்குக் கீழே காட்டினால் அந்த சிலிண்டர் தேறவில்லை. பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு 50 கிராம் படிகளில் காட்டும். இந்த வேலைக்கு ஆகாது. ஐந்து கிலோ தாங்கும், ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு சரியாக இருக்கும். லேபிளில் உள்ள எடை பிராக்கெட்டோடா, பாதுகாப்பு மூடியோடா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை சரி என்றால் கேஜைப் பார்க்காமல் விடலாமா? கூடாது. எஃப்கே-5-1-12 சிலிண்டரில் அழுத்தம் முழுவதும் நைட்ரஜனுடையது. நைட்ரஜன் கசிந்துபோனாலும் திரவம் அப்படியே இருக்கும். தராசில் மிகச் சிறிய வித்தியாசம்தான் தெரியும், ஆனால் தள்ள ஆளில்லாத திரவம் தீயை எட்டாது. எச்எஃப்சி-227இஏ நேர்மாறு. அது தானாகவே ஆவி அழுத்தம் தரும் என்பதால், மருந்து குறைந்துகொண்டே போனாலும் முள் மெதுவாகத்தான் இறங்கும், எடைதான் காட்டிக்கொடுக்கும். எனவே இரண்டையும் பாருங்கள். கேஜைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது படியுங்கள். பச்சைப் பகுதி பொதுவாக 21 டிகிரிக்குக் குறித்தது. முள் உறைந்துபோயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, காலையிலும் நடுப்பகலிலும் பார்த்து ஒப்பிடுங்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறியும் முள் மயிரிழைகூட நகரவில்லை என்றால் கேஜ் சந்தேகத்துக்குரியது.

அடுத்தது குமிழ். டார்ச்சை ஒரு பக்கமாகப் பிடித்துக் கிட்டத்தில் பாருங்கள். மிகச் சிறியதாகத்தான் இருக்கும். திரவத்துக்குள், ரசமட்டத்தில் இருப்பதுபோல, ஒரு சின்ன காற்றுக்குமிழி மிதக்க வேண்டும். திரவம் பாதியாக இருந்தாலோ, நிறம் வெளுத்திருந்தாலோ, கண்ணாடியில் மயிர்க்கோடு தெரிந்தாலோ அந்த சிலிண்டரை ஓரங்கட்டிவிடுங்கள். குமிழை மட்டும் மாற்ற முயலவே கூடாது. அழுத்தத்தைத் தடுத்து நிற்பது அந்தக் கண்ணாடிதான். எண்ணெயும் கரியும் படிந்திருந்தால் மென்மையான பிரஷால் தட்டிவிட்டால் போதும். எஞ்சின் அறைக்கு வெள்ளை அடித்தபோது குமிழுக்கும் ஓர் அடி அடித்திருந்தால் அது கெட்ட தலைதான்: பெயிண்ட் வெப்பத்தைத் தாமதப்படுத்தும், சில சமயம் மூடியையே ஒட்டவைத்துவிடும்.

உடலில் துருவைத் தேடும்போது, வெளியே தெரியும் பக்கத்தைவிட பிராக்கெட் பட்டைக்கு அடியில் பாருங்கள். உப்புத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். பெயிண்ட் உப்பியிருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். கீழே குழி விழுந்திருந்தால் பேச்சே இல்லை. கழுத்தில் அல்லது தோளில் தட்டிய மாதம், ஆண்டு முத்திரையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி அழுத்தச் சோதனை முடிந்து ஐந்து ஆண்டு கடந்திருந்தால், மறுசோதனை இல்லாமல் நிரப்ப முடியாது. சோதனை, நிரப்புதல், அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டினால் சின்ன சிலிண்டர்களுக்குப் புதிது வாங்குவதே பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

அளவெடுப்பதில்தான் தவறு நடக்கிறது

பழைய சிலிண்டரில் என்ன எண் இருந்ததோ அதையே வாங்குவது பலரின் வழக்கம். முதலில் பொருத்தியவரே தப்பாக அளந்திருக்கலாம். இடையில் யாராவது தடுப்புப் பலகையை எடுத்திருக்கலாம். மறுபடி அளந்துவிடுங்கள்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் எடுத்துப் பெருக்கி, 35.3-ஆல் பெருக்கினால் கன அடி வரும். அமெரிக்க சிலிண்டர்கள் 25, 50, 75, 100 என்று கன அடியில்தான் விற்கின்றன. எஞ்சின் அடைத்திருக்கும் இடத்தைக் கழிக்காதீர்கள். நிரந்தரமாகப் பொருத்திய டேங்க் அந்த அறைக்குள் இருந்தால் அதன் அளவைக் கழிப்பதற்குச் சில தயாரிப்பாளர்கள் இடம் கொடுக்கிறார்கள். கையேட்டில் சொல்லியிருந்தால் மட்டும் கழியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 1.20 மீட்டர் நீளம், 0.75 அகலம், 0.80 உயரம். பெருக்கினால் 0.72 கன மீட்டர், அதாவது 25.4 கன அடி. 25 கன அடி சிலிண்டர் போதாது. அடுத்த அளவுக்குப் போக வேண்டும். "அரை அடிதானே" என்று விட்டுவிடும் இடம் இது. தேவையான செறிவுக்குக் கீழே வாயு இறங்கினால் தீ தணியும், ஆனால் அணையாது. இரண்டாவது சிலிண்டரும் கிடையாது.

பாய்மரப் படகுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. எஞ்சின் பெட்டி அநேகமாகத் தனி அறையாக இருக்காது. பின்பக்கம் காக்பிட் (சுக்கான் பிடிப்பவர் இருக்கும் திறந்த இடம்) லாக்கரோடு, பக்கத்தில் படுக்கைக்கு அடியில் உள்ள இடத்தோடு, கீழே பில்ஜோடு (தண்ணீர் சேரும் படகின் அடிப்பள்ளம்) திறந்திருக்கும். மேற்சொன்ன அறையோடு 0.9 × 0.5 × 0.6 மீட்டர் லாக்கர் ஒன்று சேர்ந்திருந்தால் மொத்தம் 0.99 கன மீட்டர், 35 கன அடி. ஒன்று, அந்த இடத்தையும் கணக்கில் சேர்த்துப் பெரிய சிலிண்டர் வாங்க வேண்டும். இல்லையென்றால் இடையில் பலகை அடித்து அடைக்க வேண்டும். அடைப்பதே நல்லது, லாக்கரில் கிடக்கும் கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் தீயிலிருந்து தப்பும். எஞ்சின் காற்று இழுக்கும் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஹோஸ், கேபிள் நுழையும் துளைகளைத் தீத்தடுப்பு சீலன்ட் கொண்டு அடையுங்கள். படிக்கட்டுப் பெட்டியின் விளிம்பில் கேஸ்கெட் பிய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கேபினில் விளக்கை அணைத்து, எஞ்சின் அறைக்குள் ஒரு விளக்கை எரியவிட்டால் எங்கெங்கே ஓட்டை என்று வெளிச்சமே காட்டும்.

இறக்குவதும் ஏற்றுவதும்

கையில் இருக்க வேண்டியவை: லேபிளில் கடலோரக் காவல்படை ஒப்புதல் எண் உள்ள புது சிலிண்டர், அதற்கே உரிய பிராக்கெட், எம்6 அளவு துருப்பிடிக்காத போல்ட் நான்கு, அகல வாஷர், நைலாக் நட், வெள்ளீயம் பூசிய 16 கேஜ் செப்பு வயர், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் லக் (வயர் நுனியில் மாட்டும் இணைப்பு), அதை நசுக்கிப் பொருத்தும் கிரிம்ப் கருவி, மல்டிமீட்டர், கொஞ்சம் எபாக்ஸி. பழைய பிராக்கெட்டில் புது சிலிண்டரை அடக்கப் பார்க்காதீர்கள். ஹாலானிலிருந்து மாறும்போது அதே கன அடிக்கு சிலிண்டர் பெரிதாகவே இருக்கும்.

எஞ்சின் முழுக்கக் குளிரட்டும். மெயின் பேட்டரி சுவிட்சை அணையுங்கள். வயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுத்து, இரண்டுக்கும் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். பழைய சிலிண்டரோடு வந்த பாதுகாப்பு மூடி இருந்தால் அதை அதன் குமிழ்மேல் போடுங்கள். இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கவிழ்த்து டேப் சுற்றுங்கள். கை இழுப்பு கேபிள் உள்ள மாடலாக இருந்தால், பாதுகாப்பு பின்னை வால்வில் செருகிய பிறகுதான் கேபிளைத் தொட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் முகத்துக்கு நேராக சிலிண்டர் திறந்துகொள்ளும்.

சிலிண்டரை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பட்டையைத் தளர்த்துங்கள். ஸ்பேனர் நழுவிக் குமிழில் பட்டால் முடிந்தது கதை, ஆகவே ஸ்பேனரை எப்போதும் தலைக்கு எதிர்த்திசையில் இழுங்கள். அழுத்தச் சுவிட்சைத் திருகிக் கழற்றாதீர்கள். வயரை மட்டும் எடுங்கள்.

புது இடத்துக்கு மூன்று நிபந்தனைகள். எஞ்சினுக்கு மேலே, கூடுமானவரை உயரத்தில். சூடு முதலில் சேர்வது அங்கேதான். ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) நேர்மேலே கூடாது. லேபிளில் சிலிண்டருக்கான உச்ச வெப்பநிலை அச்சிட்டிருக்கும். நல்ல வெயில் நாளில் எஞ்சினை ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டி நிறுத்தி, அரை மணி கழித்து அந்த இடத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். மூன்றாவது, தலைக்கு முன்னால் ஹோஸோ ஒலித்தடுப்பு நுரைப்பலகையோ மறைக்கக் கூடாது.

படுக்கவைப்பதா, தலைகீழா என்பதை லேபிளில் உள்ள படமும் அம்பும் சொல்லும். அடிவரை போகும் உள்குழாய் இல்லாத சிலிண்டரைத் தலை மேலே பார்க்க நிறுத்தினால், அழுத்தம் மட்டும் வெளியேறி திரவம் அடியில் தங்கிவிடும்.

பிராக்கெட்டைச் சுவரின் மறுபக்கம் வரை போகும் போல்ட்டால் முறுக்குங்கள். மர ஸ்க்ரூ வேண்டாம். படகு சாய்ந்து அலையில் மோதும்போது இரண்டு மூன்று கிலோ இரும்பு மணிக்கணக்கில் குலுங்கும். அது கழன்று விழும் இடம் சுழலும் பெல்ட். பிளைவுட்டில் போட்ட துளைகளின் உள்விளிம்பில் எபாக்ஸி தடவுங்கள். இல்லாவிட்டால் ஈரம் ஏறி மரம் இத்துப்போய் போல்ட் தளரும்.

எல்லாம் இறுகிய பிறகு, கடைசி வேலையாக, குமிழின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுங்கள். மூடியை எடுக்க மறந்த சிலிண்டர்களை ஆய்வாளர்கள் இன்றும் பார்க்கிறார்கள். கை இழுப்பு மாடலில் வால்வில் இருக்கும் போக்குவரத்து பின்னுக்கும் இதே நினைவூட்டல்.

காக்பிட் விளக்கு

அழுத்தச் சுவிட்சின் தர்க்கம் எளிது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை சுவிட்ச் மூடியிருக்கும், காலியானால் திறந்துகொள்ளும். சாவி போட்ட மின்சாரம் ஃபியூஸ், காக்பிட் விளக்கு, சுவிட்ச் வழியாக எர்த்துக்குப் போகிறது. பச்சை விளக்கு எரிந்தால் சிலிண்டர் நிறைந்திருக்கிறது. சாவி போட்டும் எரியாவிட்டால் சிலிண்டர் காலி அல்லது வயர் அறுந்திருக்கிறது. மல்டிமீட்டரில் நிறைந்த சிலிண்டரின் சுவிட்ச் ஓர் ஓமுக்கும் கீழே காட்டும். பல ஓம் காட்டி முள் தடுமாறினால் முதலில் லக்கைப் பிரித்துப் பாருங்கள்: செம்பு பச்சைப் பொடியாகிக் கையோடு வரும். அந்த வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள்.

விளக்கு எரியவில்லை என்று யாராவது சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் சிலிண்டரைக் கழற்றி வீட்டில் வைத்தாலும் காக்பிட்டில் பச்சை எரியும்.

எஞ்சின் நிற்காவிட்டால்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய பாய்மரப் படகுகளில் பரவலாக இருக்கும் யான்மார் 3ஜிஎம்30 எஞ்சினின் கொள்ளளவு 954 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அத்தனை காற்றை உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது சுமார் 1,430 லிட்டர். நம் எடுத்துக்காட்டு அறை 720 லிட்டர். அரை நிமிடத்தில் அந்த அறைக் காற்று முழுவதையும், அதோடு கலந்த தீயணைப்பு வாயுவையும், எஞ்சின் குடித்து எக்ஸாஸ்ட் வழியாகக் கடலில் விட்டுவிடும். வெளியிலிருந்து புதுக் காற்று வந்து நிரம்பும். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் கிடையாது என்பதால் இந்த வாயு அதை நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது. ப்ளோயர் ஓடினாலும் இதே கதைதான்.

எனவே சிலிண்டர் திறந்த அதே கணத்தில் எஞ்சினும் ப்ளோயரும் நிற்க வேண்டும். அமெரிக்கப் படகுக் கட்டுமானத்துக்கான ஏபிஒய்சி ஏ-4 தரநிலை, சிலிண்டர் திறந்ததைக் காக்பிட்டில் காட்டும் எச்சரிக்கையோடு இந்தத் தானியங்கி நிறுத்தத்தையும் கேட்கிறது. அழுத்தச் சுவிட்சிலிருந்து சமிக்ஞை வாங்கி இதைச் செய்யும் ரிலே பெட்டியை சிலிண்டர் தயாரிப்பாளர்களே விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் எஞ்சின் எப்படி நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மின்சாரம் இருந்தால்தான் எஞ்சினை ஓடவிடும் சோலனாய்டு (மின்காந்தத்தால் நகரும் நிறுத்தி) உள்ள வகை எளிது. ரிலே அந்த வயரைத் துண்டித்தால் எரிபொருள் நிற்கும்.

மின்சாரம் கொடுத்தால் நிற்கும் சோலனாய்டு, காக்பிட்டில் நிறுத்தும் பொத்தான் உள்ள எஞ்சின்களில் வழக்கம். இங்கே ரிலே மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். இழுக்கும் கணத்தில் பல பத்து ஆம்பியர் கேட்கும் வகைகள் உண்டு. விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரில் இதை ஓட்டவே கூடாது. தொடர்ந்து மின்சாரம் தாங்கும் வகையா என்றும் கையேட்டில் பாருங்கள். தாங்காததை ஐந்து நிமிடம் பிடித்துவைத்தால் அதன் சுருளே எரியும், அதுவும் தீப்பிடித்த அறைக்குள். இன்னொரு பலவீனம்: தீயில் அந்த வயர் அறுந்தால் எஞ்சின் நிற்காது. எனவே வயரை அறையின் அடிப்பகுதியில், உறைக்குள் கொண்டுபோங்கள்.

3ஜிஎம்30 போன்றவற்றில் நிறுத்துவது கை இழுப்பு கேபிள்தான். சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் நிறுத்தும் நெம்புகோலோடு ஒரு இழுப்புச் சோலனாய்டைப் பொருத்தலாம். எரிபொருள் குழாயில் மின் வால்வு வைப்பதை முதல் வழியாகக் கொள்ளாதீர்கள். ஃபில்டரிலும் பம்பிலும் மீதமிருக்கும் டீசலில் எஞ்சின் இன்னும் சிறிது நேரம் ஓடும், நமக்கு இருப்பதோ அரை நிமிடம். இரண்டுமே முடியாவிட்டால், குறைந்தபட்சம் பாய்ச்சத்தத்தையும் காற்றையும் மீறிக் கேட்கும் ஒரு ஹார்னைச் சுவிட்சோடு இணையுங்கள். ஆட்டோபைலட் ஓட, எல்லோரும் முன்தளத்தில் இருக்கும்போது பச்சை விளக்கு அணைந்ததை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ரிலே பெட்டியில், தானியங்கி நிறுத்தத்தை ஒதுக்கிவிட்டு எஞ்சினை ஓடவிடும் மீறும் சுவிட்ச் கண்டிப்பாக இருக்க வேண்டும். துறைமுக வாயிலில், காற்று பாறைப் பக்கம் தள்ளும்போது, ஒரு துருப்பிடித்த லக்கின் காரணமாக எஞ்சின் நின்றால் அடுத்த நொடியே அதை மறுபடி கிளப்ப முடிய வேண்டும். அந்த சுவிட்ச் சுக்கான் பிடிப்பவரின் கைக்கு எட்டட்டும்.

திறக்காமலே சோதிப்பது

படகைத் தண்ணீரில் கரையோரம் கட்டிவைத்து எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள், ப்ளோயரையும் போடுங்கள். சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை நீட்ட வேண்டாம். அழுத்தச் சுவிட்சின் வயர்களில் ஒன்றை எட்டும் தூரத்தில் ஒரு செருகு இணைப்பு வழியாக முன்பே கொண்டுவந்து வைத்திருந்தால் அங்கே பிரிக்கலாம். பிரித்ததும் விளக்கு அணைய வேண்டும், ஹார்ன் ஒலிக்க வேண்டும், எஞ்சினும் ப்ளோயரும் நிற்க வேண்டும். கைக்கடிகாரத்தில் விநாடியைப் பாருங்கள். பிறகு வயர் பிரிந்திருக்கும்போதே மீறும் சுவிட்சைப் போட்டு எஞ்சினைக் கிளப்பிப் பாருங்கள். கடைசியில் இணைப்பைச் சேர்த்து, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும்.

திறந்துகொண்டால்

எஞ்சின் நின்றதா பாருங்கள், நிற்காவிட்டால் நிறுத்துங்கள். எரிபொருள் வால்வு, மெயின் பேட்டரி சுவிட்ச் இரண்டையும் அணையுங்கள். ஸ்டார்ட்டர் கேபிள் உராய்ந்து பற்றிய தீ என்றால், மின்சாரம் இருக்கும்வரை வாயு கலைந்ததும் மறுபடி பற்றும். எல்லோரும் மேல்தளத்துக்கு வரட்டும்: இந்த வாயுக்கள் தீச்சுவாலையில் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டாகும், அது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். உதவி கேட்டு ரேடியோவில் பேசுங்கள்.

பதினைந்து நிமிடம் எஞ்சின் அறையைத் திறக்காதீர்கள். பார்க்க வேண்டும் என்று கை துடிக்கும். திறந்தால் உள்ளே போவது ஆக்சிஜன், காத்திருப்பது சூடான உலோகம். படிக்கட்டுப் பலகையில் ஒரு தீத்துளை போட்டு மூடி பொருத்தியிருந்தால், கைத் தீயணைப்பானின் முனையை அதில் செருகி அடிக்க முடியும். பலகையைத் தூக்க வேண்டியதில்லை. புறங்கையைப் பலகைமேல் வைத்துச் சூடு குறைகிறதா என்று பாருங்கள்.

நிலையான அமைப்பு இருப்பதால் கைத் தீயணைப்பான் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்க விதிப்படி 26 அடி முதல் 40 அடிக்குள் உள்ள படகில், கடலோரக் காவல்படை ஒப்புதல் பெற்ற நிலையான அமைப்பு இருந்தால் கைத் தீயணைப்பான்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறையும், அவ்வளவுதான். சமையல் அடுப்புப் பக்கத்துத் தீக்கு எஞ்சின் அறைச் சிலிண்டர் எதுவும் செய்யாது.

பவுடர் வகை இருந்தால்

ஐரோப்பியப் படகுகளில் விலை மலிவான தானியங்கிப் பவுடர் சிலிண்டர்கள் அதிகம். அணைக்கும், ஆனால் ஓடும் எஞ்சின் அந்தப் பவுடரை இழுத்துக்கொண்டால் எஞ்சின் சிலிண்டர்களின் சுவர்கள் தேயும். அம்மோனியம் பாஸ்பேட் ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். அதிர்வில் பவுடர் கட்டிதட்டிப்போயிருந்தாலும் கேஜ் பச்சையையே காட்டும். மாற்றும் நேரம் வந்தால் வாயு வகைக்குப் போவதே எங்கள் பரிந்துரை.

தேதி அட்டையும் பழைய சிலிண்டரும்

புது சிலிண்டரின் அட்டையில் பொருத்திய தேதி, தராசில் கண்ட எடை, கேஜ் காட்டிய அளவு, அன்றைய வெப்பநிலை நான்கையும் அழியாத மையில் எழுதுங்கள். காப்பீட்டு ஆய்வாளர் கேட்பது இந்த அட்டையைத்தான். அடுத்த ஆறாவது மாதம் ஒப்பிடவும் இதுதான் வேண்டும்.

பழைய சிலிண்டரைக் குப்பையில் போடவோ, காற்றில் திறந்து காலியாக்கவோ வேண்டாம். தீயணைப்பான் நிரப்பும் கடைகள் எச்எஃப்சி சிலிண்டர்களை வாங்கிக்கொள்ளும். ஹாலான் என்றால் அதற்கு இன்றும் மதிப்பு உண்டு; விமானங்களுக்காக அதை மீட்டுச் சுத்திகரிக்கிறவர்களிடம் சேர்த்துவிடலாம், வழிகாட்ட அமெரிக்காவில் ஹாலான் மறுசுழற்சிக் கழகம் இருக்கிறது. கூரியரில் அனுப்பினால் யூஎன் 1044 என்ற ஆபத்துச் சரக்கு எண் பொருந்தும். வால்வில் பாதுகாப்பு மூடி இல்லாமல் அனுப்பாதீர்கள். புது சிலிண்டரிலிருந்து கடைசியாகக் கழற்றினீர்களே, அந்தப் பிளாஸ்டிக் மூடி பழையதற்குப் பொருந்தினாலும் கொடுத்துவிடாமல் படகின் கருவிப்பெட்டியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து நிறுக்க இறக்கும்போது தேவைப்படும்.